சொந்தம் கொண்டாடுதல்

கேள்வி: ‘பக்கத்து மனைக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்’ என்கிறோம். விழாவுக்குரிய ‘கொண்டாடுதல்’ என்ற வினை, உரிமையற்றவர் கோருவதை எப்படிக் குறிக்கிறது?

பதில்: விழா எடுப்பது அச்சொல்லின் ஒரு பொருள் மட்டுமே. ஒன்றைத் தனதென்று கருதி, அதை வெளிப்படச் சொல்லி நடந்துகொள்வதும் கொண்டாடுதலே. ‘உறவு கொண்டாடுதல்’ என்பதில் இருப்பது இப்பொருள்தான். ‘பாராட்டுதல்’ என்ற சொல்லும் இவ்வாறே புகழ்தலையும், ‘உரிமை பாராட்டுதல்’ என்னுமிடத்தில் கோருதலையும் குறிக்கிறது.

உரிமையின்மை இவ்வினையின் அகராதிப் பொருளில் இல்லை. அது வழக்கில் வந்து சேர்ந்தது. பட்டாவும் பத்திரமும் தம் பெயரில் உள்ள வீட்டுக்குத் தாம் ‘சொந்தம் கொண்டாடுவதாக’ எவரும் சொல்வதில்லை. எதிர்த்தரப்பாரைப் பற்றியே அப்படிச் சொல்கிறோம். கிரயப் பத்திரத்தில், விற்றவர் தமக்கோ தம் வாரிசுகளுக்கோ அச்சொத்தில் ‘யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று எழுதிக் கொடுப்பது, பிற்காலத்தில் யாரும் இவ்வாறு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

வௌவுதல், அபகரித்தல், ஆக்கிரமித்தல் ஆகியவற்றை இதற்கு ஈடாக எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அவை பொருள் கைமாறிவிட்ட நிலையைச் சொல்பவை. சொந்தம் கொண்டாடுபவரிடம் பெரும்பாலும் பேச்சு மட்டுமே இருக்கும். வேலியைத் தள்ளி நட்டு, அடுத்தவர் மனையில் நாலடியைச் சேர்த்துக்கொண்டால்தான் அது ஆக்கிரமிப்பு.