மூன்று நகரம் வேண்டாம், பிராக் போதும்

கேள்வி: ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். வயது 23. அடுத்த மாதம் ஒரு வார இறுதியில் வகுப்புத் தோழிகள் மூவருடன் வெளிநாட்டுப் பயணம் போகலாம் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு இரவுக்குள் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றையும் பார்த்துவிடலாம், இரவுப் பேருந்திலேயே தூங்கிவிட்டால் ஹாஸ்டல் செலவும் மிச்சம் என்கிறார்கள். என்னால் செலவழிக்க முடிந்தது 120 யூரோ. அதை அவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் சைவம் வேறு. போகலாமா, ஏதாவது காரணம் சொல்லி விலகிவிடலாமா? (பெயர் வேண்டாம், லைப்சிக்)

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் ஒரே ஒரு நகரத்துக்கு. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது பிராக், அங்கேயே போங்கள்.

உங்கள் தோழிகளின் திட்டத்தைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் 4 மணி நேரம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து திரும்பி பிராக் வரவே ஏறக்குறைய 7 மணி நேரம், அப்புறம் லைப்சிக் வேறு இருக்கிறது. நிலையங்களில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் உங்கள் வார இறுதியில் பாதி ஜன்னலோரத்திலேயே போய்விடும். செலவோ மூன்று மடங்கு. மூன்று ஊரில் டிராம் டிக்கெட், மூன்று ஊரில் பை வைக்க லாக்கர், கொருனா, யூரோ, ஃபோரின்ட் என்று மூன்று நாணயம்.

இரவுப் பேருந்தில் ஹாஸ்டல் செலவு மிச்சம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேருந்து விடிகாலை ஐந்து மணிக்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் முகம் கழுவவும் காசு, பை வைக்கவும் காசு. உட்கார ஓர் இடம் வேண்டுமே என்பதற்காகவே ஒரு காபி வாங்குவீர்கள், குளிருக்கு இன்னொன்று. மதியம் ஆனதும் நாலு பேரும் ஏதாவது பூங்கா பெஞ்சில் தூங்கி வழிவீர்கள். ஓர் இரவு அப்படிப் போவதைக்கூட மன்னித்துவிடலாம், இரண்டு இரவும் அப்படி என்றால் அதற்குப் பெயர் சுற்றுலாவா?

கூச்சத்தைப் பற்றி. நாலு பேர் சேர்ந்து போகும்போது யார் கையில் குறைவாக இருக்கிறதோ அவர்தான் தொகையை முதலில் சொல்ல வேண்டும், அதுவும் டிக்கெட் எடுக்கும் முன்பே. போன பிறகு ஒவ்வொரு வேளையும் "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் உண்மையான அவமானம். காரணம் சொல்லி விளக்க வேண்டாம். "எனக்கு மொத்தம் 120 யூரோ, அதற்குள் பிராக் மட்டும் போகலாம், நான் பார்த்து வைத்திருக்கிறேன்" என்று குழுவில் ஒரு வரி போடுங்கள். கையில் திட்டத்தோடு வருபவரை யாரும் கஞ்சம் என்று சொல்வதில்லை. மற்ற மூவரில் இன்னொருத்தியும் இதே கூச்சத்தோடு யாராவது வாயைத் திறக்கமாட்டார்களா என்று காத்திருக்கலாம். அதையும் மீறி மூன்று நகரம்தான் என்று பிடிவாதம் பிடித்தால், அவர்கள் போகட்டும், நீங்கள் பிராக்கில் இறங்கிக்கொள்ளுங்கள்.

இனி 120-ஐப் பிரிப்போம். போக வர 40-க்குள், இரண்டு இரவுப் படுக்கைக்கு 40-க்குள், சாப்பாட்டுக்கும் ஊருக்குள் சுற்றவும் மீதி 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். செக் நாணயமான கொருனாவில் 100 என்பது சுமார் 4 யூரோ. ஆக, உங்கள் கையில் ஏறக்குறைய 1,000 கொருனா இருக்கும். கணக்கு இறுக்கம்தான். ஆனால் முதல் இரண்டையும் இப்போதே பதிவு செய்துவிட்டால், ஊருக்குப் போனதும் கவலைப்பட வேண்டியது அந்த ஆயிரத்தைப் பற்றி மட்டுமே.

உங்களிடம் மாணவர்களுக்கான டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருந்தால் லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டன் வரை வட்டார ரயிலில் தனிக்காசு இல்லாமல் போய்விடலாம், ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து பிராக்குக்குப் பேருந்தில் சுமார் 2 மணி நேரம். முன்கூட்டி எடுத்தால் பேருந்து மலிவு. எல்பே ஆற்றை ஒட்டிப் போகும் ரயில்பாதை அழகு, ஆனால் அந்த நெடுந்தூர ரயிலில் உங்கள் மாதச் சீட்டு செல்லாது. நேரம் இருக்கிறது, காசுதான் இல்லை என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. அதே சீட்டில் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலைப் பிடித்து எல்லைக்கு முந்தைய பாட் ஷாண்டாவ் வரை போய், செக் பக்கத்து டெச்சீனுக்கு வட்டார ரயில் மாறி, அங்கிருந்து உள்நாட்டு ரயிலில் பிராக் போகலாம். செக் ரயில்களில் 26 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். அதற்கு ஐசிக் என்ற சர்வதேச மாணவர் அட்டை வேண்டும், பல்கலைக்கழக அட்டையை மட்டும் நீட்டினால் சிலர் ஏற்க மாட்டார்கள்.

செக் குடியரசு 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. உங்கள் ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் போதும், தனி விசா தேவையில்லை. இரண்டுமே அசலாக இருக்க வேண்டும், போனில் எடுத்த படம் உதவாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. திரும்பி வரும்போது போலீஸ்காரர் பேருந்துக்குள் ஏறி ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகத் தாள் மட்டும் வைத்திருந்தால், அதை நம்பிக் கிளம்பாதீர்கள், வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். அரசு சார் காப்பீடு என்றால் உங்கள் மருத்துவ அட்டையின் பின்பக்கமே ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் சிம் ரோமிங் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும்.

ஹாஸ்டலைப் பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டித் தேடாதீர்கள். ஜிஷ்கோவ், ஹொலெஷொவிட்சே, கார்லின் பக்கம் பாருங்கள், டிராமில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடுநகரம் வந்துவிடும். விமர்சனங்களில் "பார்ட்டி" என்ற சொல் இரண்டு தடவைக்கு மேல் வந்தால் அந்த இடம் தூங்குவதற்கில்லை. நகர வரி ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா. அது பதிவு விலையில் சேர்ந்திருக்கிறதா, கவுன்ட்டரில் தனியாகக் கேட்பார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டு ஒன்று கொண்டு போங்கள்.

இப்போது அந்த ஆயிரம் கொருனா. பிராக்கில் வருகிறவர்கள் காசை இழப்பது பெரும்பாலும் திருடனிடம் இல்லை, தாங்களே அழுத்தும் பொத்தானில். சுற்றுலாப் பகுதியில் சுவருக்குச் சுவர் நிற்கும் ஏடிஎம்மில் அட்டையைச் செருகுங்கள். முதலில் பெரிய பெரிய தொகைகளாகக் காட்டும், உங்களுக்கு வேண்டிய சின்னத் தொகை "வேறு தொகை" என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதை முடித்ததும் ஒரு திரை வரும். இவ்வளவு கொருனாவுக்கு இத்தனை யூரோ உங்கள் கணக்கில் கழியும், இந்த விலை உறுதி, சம்மதமா என்று கேட்கும். சம்மதம் என்பது பளிச்சென்று இருக்கும், மறுப்பது மங்கலாக இருக்கும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து பலர் சம்மதித்துவிடுகிறார்கள். மறுங்கள். பணம் வரும், உங்கள் வங்கியின் விலையில் வரும். கடையில் அட்டை தேய்க்கும்போதும் யூரோவா கொருனாவா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொருனா. ஏடிஎம் தேவைப்பட்டால் வங்கிக் கிளையின் சுவரில் இருப்பதைத் தேடுங்கள், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எடுங்கள். பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும், கழிப்பறைக்கும் சின்னக் கடைக்கும்தான் ரொக்கம் வேண்டியிருக்கும்.

தெருவில் வந்து "நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள், கையில் திணிப்பது வேறு ஏதோ நாட்டு நோட்டாக இருக்கும். நாணய மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால் ஒரு வழி உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கும் சட்டப்படி, 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் அதே கடையில் ரசீதைக் காட்டி ரத்து செய்யலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி ஜெயித்த மாதிரி. வேலை நாட்களில் மதியம் பல உணவகங்கள் குறைந்த விலையில் அன்றைய மதிய மெனு போடும், ஊர்க்காரர்கள் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். சனி, ஞாயிறில் பொதுவாக இது கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் பிராக் சேர்வது போலப் பேருந்து எடுங்கள், அன்றைய பெரிய சாப்பாடு அதுவாக இருக்கட்டும். மெனுவில் இறைச்சியில்லாத உணவுகளுக்குத் தனிப் பகுதி இருக்கும். வறுத்த சீஸ்தான் அதில் பிரபலம், ஒரு தடவை சாப்பிடலாம், இரண்டாவது தடவை உங்கள் வயிறு கேட்காது. சூப் என்றால் இறைச்சிச் சாறா என்று கேட்டுவிடுங்கள். பியாஸ் என்ற பெயரில் இந்தியச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. தட்டில் வேண்டியதை எடுத்துக்கொண்டு எடைக்குக் காசு கொடுக்க வேண்டும். அங்கே சோற்றைக் குவிக்காமல் பருப்பையும் காய்கறியையும் எடுப்பதுதான் சாமர்த்தியம். காலைக்கும் இரவுக்கும் சூப்பர் மார்க்கெட் ரொட்டி, தயிர், பழம்.

சதுக்கத்துக் கடைகளில் எதை வாங்கினாலும் விலைப்பலகையின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். பன்றித் தொடையைச் சுட்டு விற்பவர்கள் பலகையில் போட்டிருப்பது 100 கிராமுக்கான விலை, வெட்டிப் போடுவதோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு. நீங்கள் தப்பித்தீர்கள், தோழிகளை எச்சரியுங்கள். சர்க்கரை தூவிய சுருள் ரொட்டியைப் பழைய செக் பாரம்பரியம் என்று விற்பார்கள். ஆசைப்பட்டால் நாலு பேரும் ஒன்றைப் பிய்த்துக்கொள்ளுங்கள், பாரம்பரியத்துக்காக வாங்க வேண்டாம்.

பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி இலவசம். சார்லஸ் பாலத்துக்குச் சனிக்கிழமை விடியும்போதே போய்விடுங்கள். 1357-இல் ஜூலை 9 அதிகாலை 5.31-க்கு அரசர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டினார் என்று சொல்வார்கள். ஆண்டு, நாள், மாதம், நேரம் என்று வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஏறி இறங்கும். சோதிடர் குறித்த நேரமோ, பின்னால் வந்தவர்கள் கட்டிய கதையோ, அந்த நேரத்தில் போனால் 516 மீட்டர் நீளத்துக்கும் உங்களைத் தவிர நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பத்து மணிக்குப் போனால் 30 சிலைகளையும் தலைகளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும்.

24 மணி நேர டிக்கெட்டை அன்று காலை முதல் டிராமில் ஏறும்போது மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை, பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். 22-ஆம் எண் டிராம் கோட்டைக்கு மேலேயே கொண்டுபோய் விடும், மலையேற வேண்டாம். கோட்டை வளாகத்துக்குள் நடக்கக் கட்டணமில்லை. உள்ளே பார்க்க 26 வயது வரை மாணவர் சலுகை உண்டு. பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குக் காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள், அதுவும் சனிக்கிழமை. ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் கோட்டைக்குள் இருக்கும் புனித வீத்துஸ் பேராலயத்தைப் பார்வையாளர்களுக்கு நண்பகலில்தான் திறப்பார்கள். யூத அருங்காட்சியகமோ சனிக்கிழமை மூடியிருக்கும். இது தெரியாமல் கதவைத் தட்டிவிட்டு வருபவர்கள் நிறைய.

1410-இல் வைத்த வானியல் கடிகாரத்தின் முன்னால் மணிக்கு மணி கூட்டம் கூடும். கடிகாரத்தில் எலும்புக்கூடு பொம்மை மணியடிக்கும், இயேசுவின் திருத்தூதர்களின் பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடம் ஜேப்படிக்காரர்களுக்குப் பொன்னான நேரம், பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். இலவச நடைச் சுற்றுலா என்று குடையைத் தூக்கிப் பிடித்திருப்பவர் கடைசியில் அன்பளிப்பு எதிர்பார்ப்பார், அவருக்கு அதுதான் சம்பளம். கொடுக்க மனமில்லையென்றால் சேர வேண்டாம்.

ஞாயிறு காலையை விஷெஹ்ராதுக்கு வையுங்கள். ஆற்றின் மேல் பழைய கோட்டை மதில், கீழே நகரம். இசைமேதைகள் த்வோர்ஷாக், ஸ்மெதனா இருவரின் கல்லறைகளும் அங்கேதான் இருக்கின்றன. நாலு பேர் உட்கார்ந்து பேச, கொண்டுபோன ரொட்டியைத் தின்ன, இதைவிட நல்ல இடம் ஊருக்குள் கிடையாது.

திரும்ப கடைசிப் பேருந்தை எடுக்காதீர்கள். எல்லைச் சோதனையில் அரைமணி தாமதமானாலும் டிரெஸ்டனில் லைப்சிக் ரயில் தவறிவிடும், அப்புறம் ராத்திரி நிலையத்தில் உட்கார வேண்டியதுதான். கிளம்புவதற்கு முன் ஃப்ளோரென்ட்ஸ் பேருந்து நிலையப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் திங்கட்கிழமைக்குப் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சக் கொருனாவும் தீரும். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும், லைப்சிக்கில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும்.