வெளிநாட்டுப் பல்கலையோடு கூட்டு: வேளாண் கல்விக் கேள்வி பதில்

கேள்வி: மகளை பி.எஸ்சி. வேளாண்மையில் சேர்க்க ஒரு தனியார் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். நான்கு நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார்கள். கட்டணமும் அதற்கேற்ப அதிகம். நம்பிச் சேர்க்கலாமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: ஒப்பந்தத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கக் காகிதம். “இணைந்து செயல்பட முயல்வோம்” என்பதற்கு மேல் அதில் யாருக்கும் கடமை கிடையாது, பணமும் கிடையாது. அதன் கீழே துறைவாரியாகப் போடப்படும் செயல்பாட்டு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தெந்தப் பாடங்கள், ஆண்டுக்கு எத்தனை இடங்கள், அங்கே படிக்கும் பருவத்துக்குக் கட்டணத்தை எந்தக் கல்லூரிக்குக் கட்டுவது, பொறுப்பாசிரியர் யார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். காட்ட மறுத்தால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் போய் வந்த மாணவர் ஒருவரின் மதிப்பெண் பட்டியலை, பெயரை மறைத்தாவது, காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் படித்த பாடம் கிரெடிட்டாக (பாடத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பலகு) அதில் ஏறியிருக்க வேண்டும். இரண்டு வாரம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்ததைத்தான் பல இடங்களில் ‘மாணவர் பரிமாற்றம்’ என்கிறார்கள்.

பட்டமே சேர்த்துத் தருகிறோம் என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளை வைத்துப் பாருங்கள். கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் தரமதிப்பீட்டில் குறைந்தது 3.01 புள்ளி, அல்லது மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 இடங்களுக்குள் இருக்கும் நிறுவனம், க்யூ.எஸ். அல்லது டைம்ஸ் உலகத் தரவரிசையில் முதல் 1000க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலையோடு தனி அனுமதி கேட்காமலே கூட்டுச் சேரலாம். இதில் மூன்று வகை உண்டு. ட்வின்னிங்கில் (ஒரு பகுதியை மட்டும் வெளிநாட்டில் படிக்கும் முறை) பட்டம் இந்தியக் கல்வி நிறுவனத்துடையது மட்டுமே. வெளிநாட்டுக் கிரெடிட் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் இருவரும் சேர்ந்து ஒரே சான்றிதழ் தருவார்கள். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 விழுக்காடு படிக்க வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இருவரும் தனித்தனியே பட்டம் தருவார்கள். இந்தியாவில் குறைந்தது 30 விழுக்காடு முடித்திருக்க வேண்டும். இணையவழி, தொலைநிலைப் படிப்புகளுக்கு இந்த விதிகள் பொருந்தாது. பாதியில் விசா கிடைக்காமல் போனால் மாணவர் எந்தப் பட்டத்தோடு வெளியேறலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் கேட்க மறப்பது இதைத்தான்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், கல்லூரிக்கு ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அது இல்லாத இடத்தில் வெளிநாட்டு முத்திரையால் பெரிய பயன் இல்லை.

கேள்வி: பந்த்நகர், லூதியானா போன்ற வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க உதவியால் வளர்ந்தவை என்கிறார்கள். இன்று ஆளுக்கொரு ஒப்பந்தம் போடுகிறோம். அந்தப் பலன் ஏன் வரவில்லை?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: அன்று வந்தது பணத்தைவிட ஓர் அமைப்புமுறை. அமெரிக்காவில் 1862இல் மோரில் சட்டம் வந்து, மாநிலந்தோறும் வேளாண் கல்லூரி நடத்த அரசு நிலம் கொடுத்தது. 1887இல் ஹேட்ச் சட்டம் அந்தக் கல்லூரிகளோடு ஆராய்ச்சி நிலையங்களைச் சேர்த்தது. 1914இல் ஸ்மித்–லீவர் சட்டம் விரிவாக்கப் பணியையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆக, பாடம் நடத்துபவர், வயலில் ஆராய்பவர், உழவரிடம் போய்ச் சொல்பவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்.

நம்மிடம் இது மூன்று துண்டாகக் கிடந்தது. கல்லூரி ஏதோ ஒரு பொதுப் பல்கலையோடு இணைந்திருக்கும். ஆராய்ச்சியும் விரிவாக்கமும் மாநில வேளாண் துறையிடம் இருக்கும். 1948–49இல் ராதாகிருஷ்ணன் குழு கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. 1955இல் இந்திய–அமெரிக்கக் கூட்டுக் குழு அமைந்தது. இல்லினாய் பல்கலையின் எச்.டபிள்யூ. ஹன்னா கிராமப் பல்கலைக்கான வரைவுத் திட்டம் எழுதினார். 1960 நவம்பர் 17 அன்று நேரு பந்த்நகரைத் திறந்துவைத்தார். பிறகு லூதியானாவுக்கு ஒஹாயோ, ஹைதராபாத்துக்கு கான்சஸ், புவனேசுவரத்துக்கு மிசௌரி, பெங்களூருக்கு டென்னசி என்று ஆளுக்கோர் அமெரிக்கப் பல்கலை துணையாகக் கிடைத்தது.

அங்கிருந்து வந்த பேராசிரியர்கள் கருத்தரங்குக்கு வந்து திரும்பியவர்கள் இல்லை; குடும்பத்தோடு வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தவர்கள். இங்கிருந்து போன இளம் ஆசிரியர்களுக்குத் திரும்பி வந்து உட்கார நாற்காலி காத்திருந்தது. பாடம் நடத்துபவரே தேர்வு வைத்து மதிப்பெண் போடும் அகமதிப்பீடும் அப்போது வேரூன்றியதுதான். வெளியாள் கேள்வித்தாள் தயாரித்தால் வயலில் அந்தப் பருவம் நடந்ததைப் பாடமாக்க முடியாது. இன்றைய ஒப்பந்தங்களில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது.

ஆனால் அன்றைய கூட்டையும் கோபுரத்தில் ஏற்றிவைக்க வேண்டாம். ஆராய்ச்சியை மாநிலங்கள் பல்கலைக்கழகங்களிடம் கொடுத்தன, விரிவாக்கத்தைக் கொடுக்கவில்லை. அதனால் மூன்றாவது கால் இன்றும் ஊனம்தான். 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கிய நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமும் (உழவர்களுக்குப் பயிற்சி தரும் கே.வி.கே.) அதன் பின் வந்தவையும் அந்த இடைவெளியை ஓரளவே நிரப்பின.

கேள்வி: எங்கள் துறை ஓர் ஐரோப்பியப் பல்கலையோடு ஒரு செமஸ்டர் பரிமாற்றம் தொடங்க இருக்கிறது. கிரெடிட்டை எப்படிச் சமன் செய்வது?
– வேளாண் கல்லூரி உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள், மணிக்கணக்கை ஒப்பிடுங்கள். நம்முடைய 3(2+1) பாடத்தில், அதாவது வகுப்புக்கு 2, செய்முறைக்கு 1 என மொத்தம் 3 கிரெடிட் பாடத்தில், வாரம் 2 மணி வகுப்பும் 2 மணி செய்முறையும் உண்டு. 16 வாரத்துக்கு 64 மணி. இது ஆசிரியர் முன்னால் இருக்கும் நேரம் மட்டும். ஐரோப்பியக் கிரெடிட்டோ மாணவர் வீட்டில் படிப்பது, அறிக்கை எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவது. ஒன்றுக்கு 25 முதல் 30 மணி, ஆண்டுக்கு 60 கிரெடிட். நம் மாணவர் அதே அளவு நேரம் தானாகப் படிக்கிறார் என்று கொண்டால் மொத்தம் 128 மணி. ஏறக்குறைய நாலேகால் முதல் ஐந்து ஐரோப்பியக் கிரெடிட் வரும். மூன்றுக்கு மூன்று என்று போட்டால் நம் பிள்ளைகளுக்கு நட்டம். மதிப்பெண்ணுக்கும் மாற்று அட்டவணையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். திரும்பி வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கோப்பு உறங்கும்.

சிக்கல் அதிகம் வருவது பருவத்தில். ஜனவரியில் வட ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவின் இல்லினாய்க்கோ பயிர் உற்பத்தி படிக்க அனுப்பினால், மார்ச் வரை நிலம் உறைந்து கிடக்கும், பசுமைக்குடில்தான் மிஞ்சும். இல்லினாயில் மக்காச்சோளம் விதைப்பது ஏப்ரல், மே. அறுவடை செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வயல் பாடம் என்றால் ஆகஸ்டில் அனுப்புங்கள். ஜனவரியில்தான் முடியும் என்றால் உணவுப் பதப்படுத்தல், மரபியல், தரவுப் பகுப்பாய்வு போன்ற கூரைக்குக் கீழ் நடக்கும் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். ‘ராவே’ எனும் கிராமத் தங்கல் நடக்கும் செமஸ்டரில் மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். அதற்கு ஈடான பாடம் அங்கே கிடைக்காது, பட்டம் தள்ளிப்போகும்.

கேள்வி: இரட்டைப் பட்டத்தில் அமெரிக்கா போகிறேன். ஆய்வுக்காக நம் பாரம்பரிய நெல் விதையும் கொஞ்சம் வயல் மண்ணும் பெட்டியில் கொண்டுபோகலாமா?
– கோவை மாணவி

பதில்: கூடாது. இங்கும் சட்டம் தடுக்கும், அங்கும் விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள். இந்தியாவில் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி, நம் உயிர் வளத்தை வெளிநாட்டு நிறுவனத்தின் ஆய்வுக்குக் கொடுக்க தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதன் அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. மத்திய அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சித் திட்டங்களுக்கு 5ஆம் பிரிவில் விலக்கு உண்டு. உங்கள் திட்டம் அதில் வருகிறதா என்று வழிகாட்டியிடம் முதலில் கேளுங்கள். விதை மாதிரி போவதும் வருவதும் டெல்லியிலுள்ள தேசிய தாவர மரபணு வளப் பணியகத்தின் வழியாக. அமெரிக்கப் பக்கத்தில் சில விதைகளுக்குச் ‘சிறு அளவு விதை’ அனுமதி இருக்கிறது: ஒரு பொட்டலத்தில் 50 விதை அல்லது 10 கிராம், ஒரு அனுப்புதலில் 50 பொட்டலம். நெல் அதில் சேராது. அதற்குத் தனிக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். மண்ணுக்கான அனுமதியை அங்குள்ள ஆய்வகம்தான் வாங்க வேண்டும்.

மண்ணிலிருந்து டி.என்.ஏ.வை இங்கேயே பிரித்து எடுத்துப் போனால் பூச்சி, நோய்ப் பயம் பெரும்பாலும் நீங்கும். மரபுப் பொருளும் நம் சட்டத்துக்கு உட்பட்டதே என்பதால் ஆணையத்தின் ஒப்புதல் மட்டும் அப்போதும் தேவைப்படும். குறைந்தது ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை அனுப்பினால் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். கூட்டு என்பது ஆள் ஏற்றுமதிதானா?
– ஈரோடு வாசகர்

பதில்: ஆப்பிரிக்கா இதற்கு ஒரு வழி கண்டது. 2007இல் கானா பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலையும் சேர்ந்து, அக்ராவுக்கு அருகே லெகானில் மேற்கு ஆப்பிரிக்கப் பயிர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. பயிர் இனப்பெருக்கத்தில் முனைவர் பட்டம். தொடக்கத்தில் பாட வகுப்புகள் கானாவில். அதன் பின் மாணவர் தம் சொந்த நாட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கே திரும்பி, அங்கே விளையும் மரவள்ளி, சோளம், தட்டைப்பயறு போன்றவற்றில் ஆய்வு செய்வார். அமெரிக்காவுக்குப் போனால் அங்குள்ள பேராசிரியரின் பயிரில், அவருடைய பணத்தில் ஆய்வு நடக்கும். திரும்பி வந்தால் அந்த நிபுணத்துவத்துக்கு ஊரில் வேலை இருக்காது. தங்கிவிடுவதற்குச் சம்பளம் மட்டுமே காரணம் இல்லை. நம் ஒப்பந்தங்களிலும் ஆய்வுப் பயிர் நம்முடையதாகவும் வயல் வேலை இங்கேயும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

கேள்வி: ஐரோப்பிய எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை எவ்வளவு? வேளாண் பட்டதாரி விண்ணப்பிக்கலாமா?
– விழுப்புரம் வாசகி

பதில்: தாராளமாக. மாதம் 1400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். கல்விக் கட்டணம் கிடையாது. பயணமும் விசாவும் தங்கும் செலவும் இந்தத் தொகைக்குள் அடக்கம். பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலை நடத்தும் ஊரக வளர்ச்சி முதுநிலைப் படிப்பு போன்றவை வேளாண் பட்டதாரிகளுக்கு ஏற்றவை. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நடக்கும். பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் கடைசி ஆண்டு தொடங்கியதுமே ஆங்கிலத் தேர்வை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.