எந்தக் கொடிக்கு ஆடுவது? டென்னிஸ் கேள்வி-பதில்

இந்த மாதம் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் பாஸ்போர்ட்டைப் பற்றியவை. அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பையனுக்கு 17 வயது. பிறப்பிலேயே சிங்கப்பூர், ஆஸ்திரேலியா இரண்டு குடியுரிமையும் உண்டு. எந்த நாட்டுக்கு ஆடுவது நல்லது, சார்? (தெம்பனிஸ்)

பதில்: நாட்டு அணிகள் மோதும் டேவிஸ் கோப்பைக்கு அழைப்பு வந்தால் அந்தச் சந்தோஷத்தில் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். வாரா வாரம் ஆடும் போட்டிகளில் பெயருக்குப் பக்கத்தில் வரும் கொடியைப் பின்னால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. தேசிய அணிக்கு ஆடிவிட்டால் அப்படியில்லை. 2015 முதல், ஒரு நாட்டின் அணிக்கு ஆடியவர் இன்னொரு நாட்டின் அணிக்குப் போக முடியாது. ஸ்லோவேனியாவுக்கு ஆடியிருந்த அல்யாஷ் பெடெனே அதே வருடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கினார். முறையிட்டுப் பார்த்தும் பிரிட்டன் அணியில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்லோவேனியாவுக்கே திரும்பினார்.

உங்கள் பையனுக்கு இன்னும் இரண்டு கெடு இருக்கிறது. 18 வயதில் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி; விளையாட்டுக்காக அதைத் தள்ளிவைப்பது நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் போன்ற வெகு சிலருக்குத்தான் கிடைத்தது. அப்புறம் 22 வயதாவதற்குள் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். இல்லையென்றால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும். ஆக, இரண்டு பாஸ்போர்ட் என்பது அவனுக்கு இன்னும் ஐந்து வருடச் சமாச்சாரம்தான்.

கேள்வி: என் மகளிடம் ஓசிஐ (வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருக்கிறது. இந்தியாவுக்கு ஆடலாமா? (யீஷூன்)

பதில்: முடியாது. ஓசிஐ குடியுரிமை ஆகாது. அமெரிக்காவில் பிறந்த பிரகாஷ் அமிர்தராஜ் முன்பு இந்தியாவுக்கு டேவிஸ் கோப்பை ஆடினார். 2008க்குப் பிறகு இந்திய பாஸ்போர்ட் கட்டாயமாகிவிட்டது.

கேள்வி: தரவரிசையில் 600ஆவது இடத்தில் இருப்பவர் டென்னிஸை வைத்தே பிழைக்க முடியுமா? (செங்காங்)

பதில்: பரிசுப்பணத்தை மட்டும் நம்பி முடியாது. மொத்தப் பரிசு 15,000 அமெரிக்க டாலர் உள்ள போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றால் சுமார் 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். விமானம், அறை, சாப்பாடு எல்லாம் ஆட்டக்காரர் கைக்காசு. ஆண்கள் டென்னிஸ் சங்கமான ஏடிபி 2024இல் கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் முதல் 250 பேரோடு நின்றுவிட்டது.

துனிசியாவின் மொனாஸ்டிரில் நடந்த போட்டிக்கு ஒரு பையனோடு போயிருந்தேன். மூன்றாவது செட் டைபிரேக்கில் தோற்ற அன்று ராத்திரி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் ராக்கெட்டுக்குத் தானே ஸ்ட்ரிங் கட்டிக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரலில் ஸ்ட்ரிங் அறுத்த கோடு சிவந்திருந்தது. கூலி மிச்சம் என்பதற்காக அந்த வேலை. 2023இல் சுமித் நாகலே தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருப்பதாகச் சொன்னார். அவர் அப்போது இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரர்!

இரட்டையரையும் விடாமல் ஆடுங்கள், ஐரோப்பிய கிளப் லீக் ஆட்டங்களைத் தேடுங்கள். குறைந்தது ஒரு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: அப்படியானால் இரண்டாவது பாஸ்போர்ட்டால் பலனே இல்லையா? (ஜூரோங்)

பதில்: இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் என்றால் பெரிய பலன். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டாம், ஆனால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். களிமண் தரைப் போட்டிகள் கோடை முழுக்க நடக்கும். நடுவிலேயே மூட்டை கட்ட வேண்டியிருக்கும். வைல்ட் கார்டும் (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர் தரும் இடம்) பெரும்பாலும் உள்ளூர்க் கொடிக்குத்தான் போகும்.

கேள்வி: 24 வயதாகியும் முதல் 500க்குள் வரவில்லை. நிறுத்திவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வயதை மட்டும் பார்க்காதீர்கள், தம்பி. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் பல வருடம் ஆட முடியாமல் இருந்தார். முதல் 100க்குள் வந்தது 2019இல், 29 வயதில். போன பன்னிரண்டு மாதத்தில் தோற்ற ஆட்டங்களின் ஸ்கோரை எழுதி அனுப்புங்கள். 7-6, 7-5 என்று நெருக்கமாகத் தோற்றிருக்கிறீர்களா, 6-2, 6-1 என்று மோசமாகவா? அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.