ஆன்லைன் கேமில் பாட் (நமக்குப் பதில் தானாகவே ஆடும் புரோகிராம்) ஓடவிடுவது தவறா? நான் தூங்கும்போது அது விளையாடுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் வேலைக்குப் போகிறவர், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் லேப்டாப்பைத் திறக்கவே நேரம் கிடைக்கிறது, கூட விளையாடுகிற காலேஜ் பசங்க லெவலில் எங்கேயோ போய்விட்டார்கள். உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எரிச்சல் புரிகிறது. ஆனாலும் தவறுதான்.

எனக்குத் தெரிந்த உதாரணம் ரூன்ஸ்கேப். 2001-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கேம். அப்போது பிரௌசரிலேயே ஓடியது, காசு கட்டாமலும் ஆடலாம் என்பதால் எங்கள் ஊர் பிரௌசிங் சென்டர் வரைக்கும் வந்து சேர்ந்தது. மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சுரங்கம் தோண்டுவது என்று ஒவ்வொரு தொழிலிலும் அப்போது 99 லெவல் வரை ஏறலாம். 99-ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும்; 92-ஆவது லெவலுக்கு வரும்போதுதான் அதில் பாதியே முடிந்திருக்கும். கேமில் வரும் ‘யூ’ என்ற மரத்தை வெட்டினால் ஒரு கட்டைக்கு 175 புள்ளி. எத்தனை கட்டை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மரவெட்டில் நான் கையாலேயே 99 எடுத்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

கேமில் வரும் வேரக் நகரத்தின் அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் யூ மரங்களிடம்தான் என் பிழைப்பு. அங்கே எப்போதும் ஒரு கும்பல் நிற்கும். வாயில் நுழையாத எழுத்துக் கோவைகள்தான் பெயர். எல்லோருக்கும் ஒரே மலிவான உடுப்பு. மரம் சாய்ந்தால் எல்லாரும் ஒரே நொடியில் அடுத்த மரத்துக்குத் திரும்புவார்கள், ஒரே தடத்தில் வங்கிக்கு ஓடுவார்கள். அத்தனையும் பாட். கட்டை விலை சரிந்துகொண்டே போனது. மணிக்கணக்கில் வெட்டி ஒரு கவசம் வாங்கலாம் என்று போட்ட கணக்கெல்லாம் தப்பியது. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் வேண்டுமென்றால், இதுதான் முதல் நஷ்டம்.

ஆனால் என் கோபம் விலையைப் பற்றியது இல்லை.

பாட் எது, ஆள் எது என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு பழக்கம் இருந்தது. பக்கத்தில் நிற்பவனிடம் "மரவெட்டில் உன் லெவல் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்பார்கள். பதில் வந்தால் மனிதன். வராவிட்டால் பாட் என்று ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிடுவார்கள். என் இங்கிலீஷ் அப்போது ரொம்ப சுமார். சென்டரில் இருந்த கீபோர்டில் பாதி எழுத்துகள் தேய்ந்து போயிருக்கும். கேள்வியைப் புரிந்துகொண்டு, எழுத்தைத் தேடி அடித்து முடிப்பதற்குள் என் தலைக்கு மேல் நாலு பேர் "பாட், பாட்" என்று எழுதியிருப்பார்கள். கிண்டல் வேறு. கடைசியில் "எழுபத்தொன்று, நீ?" என்பதை மட்டும் இங்கிலீஷில் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அளவுக்குப் பழகிக்கொண்டேன். லெவல் ஏறினால் எண்ணை மட்டும் மாற்றுவேன். அப்புறம் அந்தக் கேள்விக்குத் தானாகவே பதில் சொல்லும் பாட்களும் வந்துவிட்டன. அவை என்னைவிட வேகமாகவும் பிழையில்லாமலும் பதில் சொல்லின. இதற்குச் சிரிப்பதா அழுவதா?

கேமுக்குள்ளேயே அப்போது வைத்திருந்த சோதனைகள் தனி. நீங்கள் வெட்டிக்கொண்டிருக்கும் மரம் திடீரென்று உயிர் பெற்றுவிடும். கவனிக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் கோடரி உடையும். தட்டோடு ஒரு அம்மா வந்து நின்று, இன்ன பண்டத்தை எடு என்பார். வேறு எதையாவது தொட்டால் அடித்துப் போட்டுவிடுவார். பாட்களைப் பிடிக்க வைத்த பொறியில் தண்ணீர் குடிக்க எழுந்துபோனவனும் சேர்ந்து மாட்டினான்.

இன்னொன்று. பாட் சேர்த்த தங்கம் நிஜப் பணத்துக்கு விற்கப்பட்டது. அந்தக் கணக்குகளில் பலவற்றுக்குத் திருட்டுக் கிரெடிட் கார்டில் சந்தா கட்டினார்கள். இதை அடக்க 2008 ஜனவரியில், விலை பொருந்தாத கொடுக்கல் வாங்கலையே கேமில் நிறுத்திவிட்டார்கள். என் சித்தி பையன் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தான். அவனுக்கு ஒரு ரூன் வாளைச் சும்மா கொடுக்கலாம் என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே முயன்றேன். திரை அனுமதிக்கவில்லை. "அண்ணா, என்கிட்ட தர மனசில்லன்னா சொல்லிடு" என்றான். நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வேறு வழி தெரிந்திருக்காது. வாக்கெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரியில் பழையபடி திறந்தார்கள். திறந்ததும் பாட்கள் வெள்ளமாக வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஒரே நாளில் பதினைந்து லட்சம் கணக்குகளை முடக்கியதாக அறிவித்தார்கள்.

"ஏழை நாடுகளில் இதை வைத்துத்தானே சாப்பிடுகிறார்கள்" என்று ஒருவர் கமெண்டில் வருவார், தெரியும். 2017 வாக்கில் வெனிசுலாவில் பணம் செல்லாக்காசான சமயத்தில் பலர் இதே கேமில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த தங்கத்தை விற்று அரிசி பருப்பு வாங்கினார்கள். விதிப்படி அதுவும் குற்றம்தான். ஆனால் அங்கே மௌஸைப் பிடித்தபடி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவனையும், நூறு கணக்குகளை ஒரே கம்ப்யூட்டரில் ஓடவிட்டுத் தூங்கப் போகிறவனையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். சொல்லப்போனால், அந்த வெனிசுலாக்காரன் விற்கும் தங்கத்தின் விலையையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோவது பாட்தான்.

"கம்பெனிகளே பாட் வைக்கிறார்களே" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். ஆமாம், ஃபோர்ட்நைட் என்ற கேமில் 2019-இல் வைத்தார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டு வைத்தார்கள். சொல்லாமல் வைத்தால் அதுவும் ஏமாற்றுதான்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில், வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில், சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியை வைத்து ஆளை எடைபோட்டார்கள். உடனே சிலர் மௌஸைத் தானாக அசைக்கும் கருவியை வாங்கி மேஜையில் வைத்தார்கள். அவர்கள் புள்ளி எப்போதும் பச்சை. பேப்பரில் கணக்குப் போட்டு யோசிக்கிற என் புள்ளி மஞ்சள். "நீங்க சீட்டில் இருந்தீங்களா?" என்று மேனேஜர் கேட்டபோது எனக்கு வேரக் யூ மரம்தான் ஞாபகம் வந்தது. அப்ரைசலில் அது எழுதவும் பட்டது. அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரூன்ஸ்கேப்பில் அயர்ன்மேன் என்று ஒரு மோட் உண்டு. மற்ற ஆட்டக்காரர்கள் யாரிடமும் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது, எல்லாம் சொந்த உழைப்பு. நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். அடுத்தவன் லெவலைப் பார்த்துப் புழுங்க வேண்டியதில்லை, தினம் அரை மணி நேரம் போதும். உங்கள் கேமிலும் அதுபோல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிகிற வேறு கேமுக்கு மாறிவிடுங்கள். எந்தக் கேம் என்று கமெண்டில் சொன்னால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.