காலை ரத்தப் பரிசோதனையில் கார்டிசால் கூடுதலா?

கேள்வி: எனக்கு வயது 42. ஓராண்டாகப் பணிச்சுமை அதிகம். படபடப்பு, அதிகாலை 3 மணிக்கே விழிப்பு, மறதி ஆகியவற்றோடு வயிற்றுப் பகுதியில் சதையும் போட்டிருக்கிறது. காலை 8 மணிக்குச் செய்த ரத்தப் பரிசோதனையில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன், இயல்பான அளவின் மேல் எல்லையை ஒட்டி இருந்தது. இதைக் குறைக்க மருந்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து எந்த மருந்தும் தொடங்க வேண்டாம். கார்டிசால் பெரும்பாலானோருக்குக் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு பகல் முழுவதும் படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த அளவுக்கு வரும். ஊசி குறித்த பயமே அதைச் சற்று உயர்த்திவிடக்கூடும் என்பதால், காலையில் ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தைக் கொண்டு ஒருவருடைய மன அழுத்தத்தை அளந்துவிட முடியாது.

ஆனால், உங்கள் தொந்தரவுகள் கற்பனையல்ல. ஆபத்து என்று மூளை கருதியதுமே, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரீனலினை வெளியிடுகின்றன. உங்கள் படபடப்பு பெரும்பாலும் அதன் வேலை. அதே சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால் சற்று நிதானமானது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றின் வழியாக ஆணை வந்து சேர வேண்டியிருப்பதால், அது உச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அது ரத்தச் சர்க்கரையை உயர்த்தி உடலுக்கு எரிபொருள் தருகிறது. பின்னர் "போதும்" என்று மூளைக்குத் தானே தெரிவித்துத் தன் சுரப்பையும் அடக்கிக்கொள்கிறது. அலுவலகத்தில் நடந்ததை இரவு படுக்கையிலும் அசைபோட்டுக்கொண்டிருந்தால், இந்த அடங்கல் முழுமையாக நிகழ்வதில்லை.

அதிகாலை விழிப்புக்கும் இதில் பங்குண்டு. இரவின் பிற்பகுதியில் தூக்கம் இயல்பாகவே மெலிதாகும். கார்டிசாலும் ஏறத் தொடங்கும். கவலையோடு உறங்குபவருக்கு அந்த நேரத்தில் விழிப்பு எளிதில் வந்துவிடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் மாலையில் இறங்க வேண்டிய கார்டிசால் சரியாக இறங்காமலும் போகலாம். நினைவாற்றலுக்குத் துணைபுரியும், மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கார்டிசாலின் ஏற்பிகள் (அதன் செய்தியை வாங்கும் புரதங்கள்) மிகுதி. சாவியை வைத்த இடம் மறந்துபோக, மேலதிகாரி சொன்ன கடுஞ்சொல் மட்டும் அப்படியே நினைவில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய மறதி பெரும்பாலும், தூக்கம் சீரானால் குறையும்.

வயிற்றுச் சதைக்குக் கார்டிசாலை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். தூக்கக் குறைவால் கூடும் பசியும், குறைந்துபோன நடையும் போதுமானவை. முகம் உருண்டு சிவத்தல், வயிற்றில் அகன்ற கருஞ்சிவப்புக் கோடுகள், எளிதில் கன்றிப்போகும் தோல், உட்கார்ந்த நிலையிலிருந்து எழ முடியாத அளவுக்குத் தொடைத் தசைகளில் பலவீனம் ஆகியவை இருந்தால் அது, உடலில் கார்டிசால் நீண்ட நாள் மிகுந்திருப்பதால் வரும் குஷிங் நோய்த்தொகுதியாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய நள்ளிரவு உமிழ்நீர், 24 மணி நேரச் சிறுநீர் போன்ற தனிப் பரிசோதனைகள் உள்ளன. நீங்கள் ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ பயன்படுத்துபவராக இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், இதயத் துடிப்பு ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுவதும், பகலில் நடப்பதும், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (தூக்கம் குறித்த எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் மருந்தில்லாச் சிகிச்சை), கார்டிசாலைக் குறைப்பதாகக் கூறி விற்கப்படும் பொடிகளைவிட நம்பகமானவை. நெஞ்சுவலி, மயக்கம், வாழ்வதில் பிடிப்பற்ற எண்ணம் ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.