கேளுங்க வக்கீல் சார்: ஸ்டிரைக்குக்கு சிவில் கோர்ட் தடை போடலாமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரில வேலை பாக்குறோம் சார். கூலி உயர்வு கேட்டு நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் ஸ்டிரைக்ல இறங்கினோம், கேட்டுக்கு எதிர்லயே பந்தல் போட்டு உக்காந்துட்டோம், ஓனர் முன்சீப் கோர்ட்ல இன்ஜக்ஷன், அதான் தடை ஆர்டர், வாங்கிட்டு வந்துட்டாரு. 200 மீட்டர் தள்ளித்தான் இருக்கணுமாம். "ஸ்டிரைக்குக்கே தடை, நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வந்துருங்க"ன்னு மேஸ்திரி சொல்றாரு. லேபர் கோர்ட் இருக்கறப்ப சிவில் கோர்ட்டுக்கு இதுல என்ன வேலை?

பதில்: மேஸ்திரி பேச்ச விடுங்க, ஆர்டர் காப்பிய வாங்கி வரி விடாம படிங்க. கேட்ட மறிக்கக்கூடாது, கிழங்கு லாரிய நிறுத்தக்கூடாது, உள்ள போறவங்கள மிரட்டக்கூடாது, இத்தனை மீட்டருக்குள்ள கூடக்கூடாதுன்னு இருந்தா, அதைப் போட சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டுங்க. ஆனா வேலைக்குப் போயே ஆகணும்னு உங்களக் கட்டாயப்படுத்த அதுக்கு அதிகாரம் இல்ல. கூலி எவ்வளவு ஏத்தணும்ங்கறதும் அங்க பேசுற விஷயமே இல்ல, அது தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட போய், அங்க முடியலைன்னா ட்ரிப்யூனலுக்குப் போற சமாச்சாரம். அப்ப இருந்த தொழில் தகராறுச் சட்டம் குடுத்த உரிமைக்கு அந்தச் சட்டம் சொல்ற வழியிலதான் போகணும்னு சுப்ரீம் கோர்ட் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்குல 1975லயே சொல்லிருச்சு.

இந்த இன்ஜக்ஷன் கதையே நம்ம மெட்ராஸ்ல ஆரம்பிச்சதுதாங்க. 1920 வாக்குல பின்னி மில் தகராறுல, தொழிலாளிங்கள வேலை ஒப்பந்தத்த மீறத் தூண்டினாங்கன்னு சங்கத் தலைவர் பி.பி.வாடியா மேலயும் சங்கத்துக்காரங்க மேலயும் கம்பெனி வழக்கு போட்டு ஹைகோர்ட்ல தடை வாங்கிருச்சு. சங்கம் நடத்தறதே ஆபத்துன்னு ஆயிருச்சு, அப்புறம் என்.எம்.ஜோஷி மாதிரி ஆளுங்க சட்டசபைல விடாம கேட்டு 1926ல தொழிற்சங்கச் சட்டம் வந்துச்சு. அதுல 18வது பிரிவு, தொழில் தகராறுக்காக செஞ்ச காரியம் ஒப்பந்தத்த மீறத் தூண்டுச்சு, வியாபாரத்துக்கு இடைஞ்சல் ஆச்சுங்கற ஒரே காரணத்துக்காக சங்கத்து மேல சிவில் வழக்கு நிக்காதுன்னு சொல்லுச்சு. இப்ப அந்தப் பாதுகாப்பு 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு. ரெண்டு விஷயம் கவனிங்க: சங்கம் பதிவு பண்ணினதா இருக்கணும், அப்புறம் 'ஒரே காரணம்'ங்கற வார்த்தை. லாரிக்குக் கீழ படுத்துட்டா காரணம் ரெண்டாயிரும், பாதுகாப்பு போயிரும்.

ஆர்டர் தப்புன்னே தோணினாலும் மீறாதீங்க, மீறினா சொத்து ஜப்தி, சிவில் ஜெயில்னு மூணு மாசம் வரைக்கும் போகலாம். உங்கள விசாரிக்காம போட்ட எக்ஸ்பார்ட்டி ஆர்டர்னா, சிவில் நடைமுறைச் சட்டத்தோட 39வது ஆர்டர் 4வது விதில ரத்து பண்ணச் சொல்லி உடனே மனு போடுங்க. அந்த மாதிரி கேஸ்ல கோர்ட்டும் 30 நாளுக்குள்ள இன்ஜக்ஷன் மனுவ முடிக்கப் பாக்கணும்னு விதி இருக்கு, வாய்தா மேல வாய்தா போனா உங்க வக்கீல் அதைச் சொல்லிக் கேக்கலாம். இன்னொன்னு, புதுச் சட்டத்துல எந்த ஃபேக்டரின்னாலும் 14 நாள் முன்னாடியே நோட்டீஸ் வேணும், சமரசப் பேச்சு ஓடறப்ப ஸ்டிரைக் பண்ணாலும் சட்டவிரோதம். உங்க நோட்டீஸ்ல தேதிய ஒருதரம் எண்ணிப் பாத்துக்குங்க, ஓனர் வக்கீல் முதல்ல அதைத்தான் எண்ணுவாரு.

கேள்வி: ஏற்காட்டுல காபி எஸ்டேட்டுங்க. இன்னும் ஸ்டிரைக் ஆரம்பிக்கல, ஓனர் தடை வாங்கப் போறார்னு பேச்சு அடிபடுது. எங்க லைன் வீடே எஸ்டேட்டுக்குள்ளதான் இருக்கு, 100 மீட்டர் 200 மீட்டர்னு போட்டா நாங்க எங்க போறது?

பதில்: கேவியட் போட்டு வைங்க. எந்தக் கோர்ட்டுக்குப் போவாங்களோ அங்க சங்கத்து பேர்ல போட்டா, 90 நாளைக்கு உங்களக் கேக்காம ஆர்டர் போட மாட்டாங்க. விசாரணைல லைன் வீடு, பைப்படி, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற ரோடு எல்லாம் எங்கெங்க இருக்குன்னு பிளான் வரைஞ்சு காட்டுங்க. தூரத்த எங்கேருந்து அளக்கறாங்க, ஆபீஸ் வாசல்லேருந்தா எஸ்டேட் எல்லைலேருந்தா, அதை ஆர்டர்லயே தெளிவா எழுத வைக்கணும்.