கறுப்பு நிறத்துக்குப் பழைய ஹாலிவுட் அலங்காரம் எடுபடுமா?

கேள்வி: எனக்கு நல்ல கறுப்பு நிறம். கல்யாண வரவேற்புக்குப் பழைய ஹாலிவுட் நடிகைகள் மாதிரி அலையலையான கூந்தல், சிவப்பு உதட்டுச்சாயம், சாட்டின் கவுன் என்று போட்டுக்கொள்ள ஆசை. "அதெல்லாம் வெள்ளைத்தோலுக்குத்தான் எடுக்கும்" என்கிறார்கள் வீட்டில். உண்மையா?

உண்மையில்லை. உங்களுக்கு அது அருமையாக எடுபடும். கல்யாணப் படம் எடுப்பதுதான் என் தொழில். 1930களிலும் 40களிலும் ஹாலிவுட்டில் எடுத்த உருவப்படங்களை உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் வெளிச்சம் வைக்கவே கற்றுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் படங்களில் பாதியாவது ஜார்ஜ் ஹரல் என்ற போட்டோகிராபர் எடுத்தவையாகவோ அவரைப் பார்த்து மற்றவர்கள் எடுத்தவையாகவோ இருக்கும். 1929இல் நார்மா ஷீரர் என்ற நடிகை அவரிடம் போனார். எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் இவருடைய கணவர். அப்படியிருந்தும், கவர்ச்சியான ஒரு வேடத்துக்கு மனைவி பொருந்தமாட்டார் என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தார். ஹரல் எடுத்த படங்களைப் பார்த்ததும் மனம் மாறி வேடத்தைக் கொடுத்தார். அந்தப் படத்துக்காகவே ஷீரருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அடுத்து ஹரலையே எம்.ஜி.எம். வேலைக்கு எடுத்துக்கொண்டது. மாறியது வெளிச்சம் மட்டும்தான், முகம் அதே முகம்.

ஹரல் செய்ததைக் கவனியுங்கள். அதுவரை உருவப்படம் என்றால் மென்மையான, எல்லாப் பக்கமும் பரவிய வெளிச்சம். இவர் கூர்மையான ஸ்பாட் லைட்டை மேலேயிருந்து விழவிட்டார். ஒலிப்பதிவுக்கு மைக்கைத் தொங்கவிடும் நீண்ட கம்பியைப் பார்த்து, அதேபோல ஒரு கம்பியில் விளக்கை மாட்டித் தலைக்கு மேலே எங்கு வேண்டுமானாலும் நகர்த்தும்படி வைத்துக்கொண்டார். கன்ன எலும்பு, இமை, மேலுதடு ஆகிய இடங்களில் ஒளி விழும். மற்ற இடமெல்லாம் நிழல். இன்னொன்றும் உண்டு. முகத்துக்கு மாவு பூசிக்கொண்டு வருவதை அவர் விரும்பவில்லை. கண்ணுக்கும் உதட்டுக்கும் மட்டும் மை, சாயம். தோலில் லேசாக எண்ணெய். நடிகை ஜோன் கிராஃபோர்டை அப்படி எடுத்த நெகட்டிவில் முகமெங்கும் புள்ளிகள் தெரியும். பிறகு பென்சிலை வைத்து நெகட்டிவின் மேலேயே மணிக்கணக்கில் டச்சிங் செய்து அவற்றை மறைத்தார்கள். நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்களிலும் இதே பென்சில் வேலை நடந்தது. பாட்டி காலத்துக் கல்யாணப் படங்களில் முகம் அவ்வளவு வழுவழுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் உங்கள் வீட்டார் சொல்வது அடிபட்டுப்போகிறது. எண்ணெய்ப் பூச்சுள்ள தோலில் கூர்மையான வெளிச்சம் விழுந்தால் அந்தப் பளபளப்புதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. வெளுத்த தோலில் ஒளி பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் வித்தியாசம் குறைவு. கறுத்த தோலில் அந்தப் பளபளப்பு, கோயில் வெண்கலச் சிலையின் தோளில் விளக்கொளி நிற்பதுபோல் தனியாகத் தெரியும். ஹரல் எண்ணெய் பூசி வரவழைக்கப் பாடுபட்டது உங்களுக்குப் பாதி உழைப்பில் கிடைத்துவிடும்.

அப்படியானால் அந்தக் காலத்து முகங்கள் ஏன் அவ்வளவு வெள்ளை என்று கேட்பீர்கள். மௌனப்படக் காலத்தில் பயன்பட்ட பிலிம் சிவப்பு நிறத்தை உணராது. சிவந்த எதுவும் அதில் கறுப்பாகவே பதியும். அதனால் முகத்தில் கெட்டியாக வெள்ளைப் பூச்சு தேவைப்பட்டது. 1920களின் கடைசியில், எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் பரவலானது. பேசும்படம் வந்ததும், இரைச்சல் போடும் கார்பன் ஆர்க் விளக்குகளை ஒதுக்கிவிட்டு, சத்தமில்லாத பல்பு விளக்குகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பழைய பூச்சு இந்தப் புதிய ஏற்பாட்டில் விகாரமாகத் தெரிந்தது. போலந்திலிருந்து குடியேறிய மாக்ஸ் ஃபாக்டர் 1928இல் புதிய பிலிமுக்கென்றே தனி மேக்கப் வரிசையைத் தயாரித்தார். ஆக, வெள்ளை பூசுவதைப் பொற்காலம் தொடங்கும்போதே ஹாலிவுட் கைவிட்டுவிட்டது. நம் பார்லர்களில் இன்றும் மணப்பெண்ணுக்கு இரண்டு ஷேடு ஏற்றிப் பூசுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தோல் நிறத்தை வைத்து ஹாலிவுட் செய்த அநியாயமும் உண்டு. அதைச் சொல்லாமல் அந்த அழகை மட்டும் கொண்டாட எனக்கு மனம் வராது. நடிகை மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர், ஆங்கிலோ இந்தியர். அவரை வளர்த்தவரின் பூர்வீகம் இலங்கை. 1935இல் வந்த படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஆனால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லியே வாழ்ந்தார். 1979இல் இறக்கும்வரை உண்மையை வெளியே விடவில்லை. 1937இல் ஒரு கார் விபத்தில் அவர் முகத்தில் தழும்புகள் விழுந்தன. ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் அவற்றை மறைக்க லென்சை ஒட்டியே ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். நேராக விழும் வெளிச்சம் மேடுபள்ளத்தை அழித்துவிடும். 'ஓபி' என்று ஓபரானின் பெயரிலேயே அந்த விளக்கு இன்றும் தொழிலில் இருக்கிறது. பல்லார்டை 1945இல் அவர் மணந்துகொண்டார். எம்.ஜி.எம்.மில் இருந்த கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் கதை இன்னும் கசப்பு. அவர் நிறத்துக்கென்று மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனியில் ஒரு தனிப் பூச்சு செய்தார்கள். கடைசியில், அவருக்குக் கிடைக்காத வேடங்களில் நடித்த வெள்ளை நடிகைகளின் முகத்தில் அதைப் பூசினார்கள். பின்னாளில் பேட்டிகளில் இதை அவரே சொல்லி வருந்தியிருக்கிறார். அந்த அழகு வெள்ளையருக்குத்தான் என்ற எண்ணம் இப்படித்தான் உண்டாக்கப்பட்டது. வெளிச்சத்துக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது.

வித்தை நம் ஊருக்கும் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்ப் படங்களை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், 1945இல் வெளிவந்த 'மீரா'வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சிலையாகச் செய்யச் சொன்னார். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அவரும் அந்தச் சிலையின் மீது வெளிச்சத்தை மாற்றி மாற்றி விழவிட்டு, எந்தக் கோணம் சரி என்று சோதித்த பிறகுதான் எம்.எஸ்.ஸையே படம்பிடித்தார்கள். அந்தப் படத்தில் அவர் முகத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

இனி உங்கள் காரியம். கூந்தலுக்குச் சாயம் எதுவும் வேண்டாம். ஜீன் ஹார்லோவின் வெள்ளிநிறத் தலைமுடிக்கு அந்தக் காலத்தில் எல்லாரும் மயங்கினார்கள். ஆனால் 1938இல் ஹெடி லமார் நடுவகிடு எடுத்த கருங்கூந்தலோடு வந்ததும் பொன்னிறக் கூந்தல்காரிகளே கறுப்புச் சாயம் தேடினார்கள். அலை கறுப்பு முடியில்தான் தெளிவாகத் தெரியும். ஈரமுடியில் செட்டிங் லோஷன் தடவி, சுருள் சுருளாகப் பின் குத்தி, முழுக்கக் காயவிட்டு, பிறகு பிரஷ்ஷால் நன்றாக வாரவேண்டும். வாராமல் விட்டால் சுருள் மட்டும் நிற்கும், அலை விழாது. அவசரத்துக்கு மிஷினில் சுருட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கேக் வெட்டுவதற்குள் தொங்கிவிடும். கவுனைக் கிராஸ் கட்டிங்கில் தைக்கச் சொல்லுங்கள். பாரிஸில் மாடலன் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் பிரபலமாக்கிய வெட்டு அது. துணியை மூலைவாட்டில் வெட்டினால் உடம்போடு இழைந்து வழியும். எம்.ஜி.எம்.மின் ஆடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் 1933இல் ஹார்லோவுக்குத் தைத்த வெள்ளை சாட்டின் உடை அந்த வகைதான். சாட்டினில் உட்கார்ந்தால் சுருக்கம் விழும். அதனால்தான் செட்டில் நடிகைகள் சாய்ந்து நிற்கச் சரிவுப் பலகைகள் வைத்திருந்தார்கள். வரவேற்பில் நீங்கள் எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள், கவலையில்லை. தந்த நிறமோ கரும்பச்சையோ எடுங்கள். உதட்டுக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பைவிட மெரூன் பக்கம் சாய்ந்த சிவப்பு உங்களுக்கு நிற்கும். ஃபவுண்டேஷன் உங்கள் கழுத்து நிறத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு ஷேடும் ஏற்ற விடாதீர்கள்.

போட்டோகிராபரிடம், மேடைக்கு வருமுன் தனியாக அரைமணி நேரம் கேளுங்கள். ஒரே விளக்கு, மூக்கின் கீழே சின்ன வண்ணத்துப்பூச்சி வடிவ நிழல் விழும் உயரத்தில், முகத்துக்கு நேர் முன்னால் மேலேயிருந்து. மார்லீன் டீட்ரிக்குக்குப் பாராமவுண்ட் ஸ்டுடியோவில் வைத்த வெளிச்சம் இதுதான். ரிங் லைட் வேண்டாம். படத்தை உங்கள் முகத்தின் பளபளப்பான இடத்துக்கு ஏற்ப எக்ஸ்போஸ் செய்யச் சொல்லுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் வெளுக்கக் கூடாது என்றும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வீடியோ எடுப்பவரிடமும் பேசவேண்டும். அவர் எல்.ஈ.டி. பேனலை நேர் எதிரே பிடித்துக்கொண்டு நின்றால் அந்த நிழல் முழுக்கப் போய்விடும்.